திருகில் ஓர் அரைச் சுற்று

கிரிஸ்புலோவின் நெஞ்சில் துடிப்பு நின்று பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்காக அவன் ஒரு நாள்கூடக் கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ஆண்டுக்கொரு முறை குழாயை வைத்துக் கேட்பாள். ஒன்றும் கேட்காது. சாதாரணம் என்று எழுதிக் கையெழுத்திடுவாள். துடிப்பு எங்கே போனது என்பது லினாவ் தீவுக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அது அவனுடைய பம்போட் என்னும் மோட்டார் படகின் எஞ்சினில் இருந்தது.

படகில் ஏறுவதற்கு முன்பு அந்த எஞ்சின் நெல் மில்லில் உழைத்தது; மழைக்காலத்தில் இன்னும் உமி வாசனை வரும். தீவில் மெக்கானிக் கிடையாது. அவரவர் எஞ்சினை அவரவரே பிரித்துக் கழுவி மாட்டுவார்கள். கோளாறு எங்கே என்று அறிய ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஆழத்தில் மூழ்கி மூழ்கி கிரிஸ்புலோவுக்கு இரண்டு காதும் மந்தம். அதனால் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் பிடியை நெஞ்செலும்பில் வைத்துக்கொண்டான். அன்று புனித வெள்ளி, இரும்பைத் தொடக் கூடாத நாள். "இன்னைக்கு வேணாம் டோங், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று, அவனைச் செல்லமாக டோங் என்றே அழைக்கும் மனைவி எமெங் சொல்லத்தான் செய்தாள். முற்பகல் முழுவதும் அவன் அப்படியே சாய்ந்திருந்தான். நிமிர்ந்தபோது எஞ்சின் சீராக ஓடியது, நெஞ்சு காலியாக இருந்தது.

எமெங்குக்கு முதலில் அது பயமாக இல்லை, அவமானமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து படுக்கையில் காதை அழுத்தி அவள் மட்டும் கேட்டுவந்த சத்தத்தை இப்போது கரை முழுவதும் கேட்டது. மீன் உலர்த்துகிறவர்கள் கேட்டார்கள், பன்றிகள்கூடக் காதைத் தூக்கிக் கேட்டன. அவளுக்கு மிஞ்சியது வெறும் நெஞ்சு. காது வைத்தால் காலிப் பானைக்குள் கேட்பதுபோல ஓர் இரைச்சல். இதையும் அவள் பொறுத்திருப்பாள். ஆனால் மாலையில் திரும்பும்போது, ஐஸ் விற்கும் விதவை பிலாரின் வீடு இருக்கிற முனையைத் தாண்டுகையில், எஞ்சின் படபடவென்று அடித்துக்கொண்டது. தினமும். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் உலை வைத்தார்கள்.

"எமெங், உன் புருஷன் நெஞ்சு முனைக்கு வந்துடுச்சு. மிச்ச ஆளு பின்னாடி வரும்" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருத்தி சிரிப்பாள். எமெங்கும் சிரிப்பாள். சிரித்த வாயை மூடும்போது நாக்கு கசக்கும்.

அங்கே மட்டும் ஏன் படபடக்கிறது என்று எமெங் கேட்டபோது அவன் பாறைகளைச் சொன்னான், நீரோட்டத்தைச் சொன்னான். ஐந்தாம் ஆண்டில் ஐஸ் வாங்கும் சாக்கில் அவளும் படகில் ஏறினாள். வேகத்தைக் கூட்டும் நைலான் கயிறு எப்போதும்போல அவன் கால் விரலில் கட்டியிருந்தது. முனை நெருங்கியதும் எஞ்சின் துள்ளியது. அவள் கயிற்றைப் பார்த்தாள், அது தொய்ந்து கிடந்தது. பிலார் ஐஸ் கட்டியைக் கோணியில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். "வாங்க அக்கா. உங்க வீட்டுக்காரர் வர்றது அரை மைலுக்கு முன்னாடியே கேட்டுடும், நான் கட்டியை வெட்டி வச்சிடுவேன்" என்றாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எமெங்குக்குத் தலைமுடியைப் பிடிக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். கிரிஸ்புலோ குனிந்து படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம், அவன் பாயில் தூங்கும்போது, எமெங் படகுக்குப் போனாள். அவன் பிரிப்பதையும் மாட்டுவதையும் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தவள். எஞ்சினின் வேகம் எகிறாமல் தடுக்கும் சின்னத் திருகு எது என்று தெரியும். நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு முழுச் சுற்று உள்ளே இறக்கி, நட்டை இறுக்கினாள். கரையிலிருந்து பார்த்தபோது வீட்டுக்குள் அவன் எழுந்து உட்கார்ந்து, எதையோ மறந்தவன்போலச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தான்.

அன்று மாலை முனையைத் தாண்டும்போது எஞ்சின் சீராக ஓடியது. அடுத்த நாளும். பக்கத்து வீடுகளில் உலை தாமதமானது. எமெங் ஒரு வாரம் பாட்டு முணுமுணுத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு ஒன்று குறைவது தெரிந்தது. முனையைத் தாண்டி, தென்னைகள் விலகி, அவர்கள் வீட்டுக் கூரை தெரியும் இடத்தில் இன்னொரு படபடப்பு இருந்திருக்கிறது. சின்னது, மூன்று நான்கு அடிகள்தான். முதலாவது தந்த எரிச்சலில் அவள் அதை ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. இப்போது அதுவும் இல்லை. அவன் வந்தான், மீனை இறக்கினான், சோறு நன்றாக இருக்கிறது என்றான், நேற்றைப் போலவே. அவள் புதுச் சட்டை போட்டிருந்ததைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான், சோற்றைச் சொன்ன அதே குரலில்.

மூன்று மாதம் தாங்கினாள். பிறகு ஒரு மதியம் போய், திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தாள். அதற்குமேல் எடுக்க மனம் வரவில்லை.

அது முதல் எஞ்சின் கோளாறு எதுவானாலும் எமெங்தான் பார்க்கிறாள். திருகைத் தொட வேறு யாரையும் விடுவதில்லை. மாலையில் அரிசி களைந்துகொண்டிருப்பாள். முனையில் படபடக்கும். கை அப்படியே நிற்கும், பல்லைக் கடித்துக்கொள்வாள், பானைத் தண்ணீர் தெளியும்வரை. கூரை தெரியும் இடத்தில் அடுத்தது கேட்ட பிறகுதான் உலை வைக்கிறாள்.