மஞ்சள் ஆகாத முகம்

கணவன் உயிரோடு இருக்கிற பெண் குளித்துவிட்டு முகத்தில் மஞ்சள் இல்லாமல் தெருவில் வந்தால், வெண்ணந்தூர் நெசவுத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். எதிரே வருகிறவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

கமலவேணி அப்படித்தான் வந்தாள், சாமிகளா. தினமும் வந்தாள். அவள் புருசன் அர்த்தநாரியோ குண்டுக்கல் மாதிரி தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான்.

எல்லாம் முகப்பருவில் ஆரம்பித்தது.

கமலவேணி எடப்பாடிப் பெண். மேட்டூரில் அணை கட்டி முடித்த சமயத்தில் வாழ்க்கைப்பட்டு வெண்ணந்தூர் வந்தாள். வயசுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்குக் கன்னத்தில் பரு உண்டு. அவளுடைய அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசிப்பயறு மாவு போட்டு முகம் கழுவச் சொல்வாள். வெள்ளிக்கிழமை மட்டும் பேருக்கு ஒரு தீற்று மஞ்சள். "கிள்ளாத, கீறாத, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான் வைத்தியம். கல்யாண நலங்கில்தான் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அப்பி அப்பிப் பூசினார்கள். முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

புகுந்த வீட்டில் தினமும் மஞ்சள். மாமியார் அத்தாயி கிணற்றடிக்கே வந்து நின்றுகொள்வாள். "காதுக்குப் பொறகால பூசு. கழுத்துல பூசு. என்ன கஞ்சத்தனம், கெழங்கு நம்மூட்ல இல்லையா?" அத்தாயியின் சொந்த முகத்தில் மஞ்சள் ஏறிப் பல வருசம் ஆகியிருந்தது. மாமனாரைப் பாம்பு தீண்டியபோது அர்த்தநாரி தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை; அவன் தம்பி சென்னிமலை மடியில் இருந்தான். இரண்டு பிள்ளைகளையும் அத்தாயி ராட்டை சுற்றி வளர்த்தாள். தனக்கு இல்லாமல் போனதை மருமகள் முகத்தில் பார்க்கிறாள் என்று கமலவேணிக்குத் தெரியும். அதனால்தான் எரிந்தாலும் வாய் திறக்கவில்லை.

ஒரு பங்குனியில் முகம் முழுக்கப் பொடிப் பொடியாய்க் கிளம்பிவிட்டது. கழுத்திலும் இறங்கியது. அத்தாயி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா! வாசக்கால்ல வேப்பங்கொத்துச் சொருகுடா."

மாரியம்மன் வந்த வீட்டில் என்னென்ன கூடாதோ அதெல்லாம் நின்றது. அடுப்பில் தாளிப்பு நின்றது. விருந்தாளி வரத்து நின்றது. கமலவேணி தறிக்கான பாவு நூல் கட்டுகள் வைக்கிற உள்ளறையில் வேப்பிலை மேல் படுத்துக் கிடந்தாள். குளியல் கூடாது, மஞ்சள் கூடாது, பொட்டு கூடாது. இளநீரும் கம்பங்கூழும்தான். நாளாக ஆக முகம் குளிர்ந்தது. தடவிப் பார்த்தால் பரு மட்டும் பழையபடி நாலைந்து இருந்தது. மற்றதெல்லாம் உமி மாதிரி உதிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு எரியாத முகத்தோடு அவள் தூங்கியது அப்போதுதான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வழக்கப்படி வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, உச்சி முதல் பாதம் வரை பூசினார்கள். மறுநாள் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது.

அர்த்தநாரியின் அத்தை காளியாத்தாள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். "எறங்கிப் போன ஆத்தா திரும்பி வந்திருக்கான்னா சும்மாவா வருவா? உன்ற மருமவ என்ன குத்தம் பண்ணுனாளோ, கேளு."

மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் உள்ளறை. படுத்தபடி கமலவேணி யோசித்தாள். அந்த வீட்டில் புதுச் சாயம் வாங்கி வந்தால் அர்த்தநாரி கட்டு நூலை அப்படியே தொட்டியில் முக்கமாட்டான். நாலு இழையைப் பிரித்து முக்கிக் காயவைப்பான். நிறம் நிற்கிறதா, நூல் இற்றுப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டு நூலில் கை வைப்பான். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா? முகம் ஆறி எழுந்ததும் இடது முழங்கைக்குக் கீழே மஞ்சளை உரசிப் பூசினாள். வலது கையில் வெறும் வேப்பிலையை அரைத்துப் பூசினாள். மறுநாள் வலது கை எப்போதும் போல் இருந்தது. இடது கையில் மஞ்சள் பட்ட இடம் மட்டும் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல் தடித்து நின்றது.

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"பாருங்கத்தை. ஆத்தாளும் வரலை, ஒருத்தரும் வரலை. மஞ்சள்தானுங்க எனக்கு ஆகலை."

அத்தாயி கைகளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மஞ்சளைக் குத்தஞ் சொல்ற வாயி இந்தத் தெருவுலயே உன்ற வாயி ஒண்ணுதான். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. பூசறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும், அம்மிணி."

"குடுத்து வெச்சிருக்கேனுங்க. பூசத்தான் முடியலை."

"என்ற மகன் உசுரோட இருக்கறப்பவே வெறும் மூஞ்சியா?"

"அவரு உசுரு என்ற கன்னத்துலயா இருக்குது?"

 அத்தாயி முறத்தை எடுத்து வீசினாள். அது மேலே படவில்லை.

அன்றோடு கமலவேணி மஞ்சளை விட்டாள். விட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் முகத்துக்கு எது ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகக் கையில் தொட்டுப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு போனாள். தேங்காய் எண்ணெய் பட்டால் பரு கூடியது. தலைக்கு மட்டும் வைத்து, நெற்றியில் வழியாமல் துணியால் ஒற்றிக்கொண்டாள். சந்தனம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, காய்ந்தால் தோலை இழுத்தது. கடைசியில் அம்மா சொன்ன பாசிப்பயறு மாவுதான் நின்றது. அதையும் தேய்க்காமல், தண்ணீரில் கரைத்து, உள்ளங்கையால் ஒத்திக் கழுவினாள். பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு முகத்தைத் தொடுகிற பழக்கத்தை அடியோடு விட்டாள். எண்ணெய் கலந்த கஞ்சியாயிற்றே அது.

குங்குமமும் மஞ்சளில் செய்ததுதான் என்பது நெற்றி அரித்தபோது புரிந்தது. ஜவ்வரிசியைக் கருக்கித் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்தாள். அந்தக் கறுப்புச் சாந்தில் ஈர விரலால் தொட்டு ஒரு சின்னப் பொட்டு.

அர்த்தநாரிக்கு இதெல்லாம் வேடிக்கை. ராசிபுரம் சந்தைக்கு நூல் வாங்கப் போனவன் ஒரு ஸ்நோ பாட்டிலும் பவுடர் டப்பாவும் வாங்கி வந்துவிட்டான். பாட்டில் மேல் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதப் பூசுனா அவளாட்டம் ஆயிரலாமாம், புள்ளே."

"அவளாட்டம் ஆயிட்டா உங்களுக்குச் சோறாக்கறது யாருங்க? எரியாம இருந்தாப் போதும் எனக்கு."

ஸ்நோ எரியவில்லை. ஆனால் அந்த வெயிலில் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்து, புதிதாய் இரண்டு பருக்களைக் கொண்டுவந்தது. மிச்சத்தை அர்த்தநாரி தன் வெடித்த குதிகாலில் தேய்த்துக்கொண்டு, "பாரு, தொரை காலு!" என்று வீடு முழுக்க நடந்து காட்டினான்.

பவுடர் உதவியது. முதலில் நிறையப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பரு வடுவில் எல்லாம் வெள்ளை தேங்கி, சுண்ணாம்பு அடித்த மண்சுவர் மாதிரி இருந்தது. கழுவிவிட்டு, மெல்லிய நூல் துணியில் ஒரு சிட்டிகை முடிந்து, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் தட்டிக்கொண்டாள். பருவை மறைக்க அல்ல. பரு இருந்த இடத்தில் இருந்தது. எண்ணெய் வழியாமல் முகம் முகமாக இருந்தது, அவ்வளவுதான்.

தெரு சும்மா இருக்குமா? ஆடி மாதம் மழையில் நனைந்து நூல் சுமந்து வந்த அர்த்தநாரிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று மாலைக்குள் அந்தச் சேதி தெருவின் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டது. வாசலில் நின்று விசாரித்தவர்கள் எல்லாரும் அவன் காய்ச்சலைக் கேட்டுக்கொண்டே அவள் கன்னத்தைப் பார்த்தார்கள்.  அத்தாயி ஒரு மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்து மருமகள் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

உங்களிடம் சொல்லுவதற்கென்ன கண்ணுகளா, கமலவேணி அதைக் கையில் எடுத்தாள். கிணற்றடிக் கல் வரைக்கும் போனாள். ஒருவேளை அவர்கள் சொல்லுகிறதுதான் சரியோ என்கிற பயம் யாரைத்தான் விடும்? உள்ளேயிருந்து அர்த்தநாரி கூப்பிட்டான்.

"என்ன பண்றே அங்க?"

"மஞ்சள்..."

"மழையில நனைஞ்சது நானு. மூஞ்சி வீங்கறது நீயா? வெச்சுட்டு வந்து மொளகுக் கசாயம் போடு, புள்ளே."

கிழங்கைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள். காய்ச்சல் இறங்கியது. தெருவின் வாய் இறங்கவில்லை.

தை பிறந்ததும் சென்னிமலைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சுமங்கலிகள் கூடி மஞ்சள் இடிப்பார்கள். அந்த வீட்டுப் பெரிய மருமகள்தான் முதல் உலக்கை போடவேண்டும். அத்தாயி தீர்மானமாய்ச் சொல்லிவிட்டாள்.

"மஞ்சக் குளிச்சுட்டு வந்தீன்னா ஒலக்கையைத் தொடு. இல்லைன்னா வண்டி கட்டச் சொல்றேன், எடப்பாடி போயிரு. கல்யாணம் முடிஞ்சும் வரவேண்டாம். என்ற சின்ன மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

"ஒரு நாளைக்குத்தானே, பூசிக்கக் கூடாதா?" என்று அர்த்தநாரிகூட இழுத்தான்.

"ஒரு நாளைக்குப் பூசுனா, இத்தனை நாளும் நான் குத்தம் பண்ணுனேன்னு ஆயிரும். நான் பூசமாட்டேனுங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பந்தல்கால் நடப் போய்விட்டான்.

மஞ்சள் இடிக்கிற காலையில் கமலவேணி எப்போதும் போல் பயறு மாவில் முகம் கழுவினாள். பவுடர் முடிச்சால் இரண்டு தட்டுத் தட்டினாள். சாந்துப் பொட்டு வைத்தாள். பூ வைத்துக்கொண்டு, தான் நெய்யக் கற்று நெய்த முதல் சேலையை உடுத்திக்கொண்டு, வாசலில் உரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மஞ்சள் முகங்களுக்கு நடுவே அவள் முகம் ஒன்றுதான் மாநிறமாக, பருவும் வடுவுமாக, உள்ளது உள்ளபடி இருந்தது. 

காளியாத்தாள் ஆரம்பித்தாள். "இதென்ன அம்மிணி, யாரைப் பறிகுடுத்துட்டு வந்து நிக்கறே?"

"ஒருத்தரையும் பறிகுடுக்கலைங்க. அதா, பந்தல் மேல ஓலை கட்டிட்டு இருக்கறாரு. சந்தேகம்னா ஏறிப் போயிக் கிள்ளிப் பாருங்க."

சின்னப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பந்தல் மேலிருந்து அர்த்தநாரி, "கிள்ள வேண்டாமுங்க, விழுந்துருவேன்" என்றான்.

காளியாத்தாள் சிரிக்கவில்லை. கமலவேணி உலக்கையை எடுத்தபோது அவளும் பிடித்துக்கொண்டாள். "சுமங்கலி தொடற ஒலக்கை இது. உடு."

"பந்தல்ல இருக்கறவரு என்ற புருசன்தானுங்களே? அப்பொறம் நான் யாருங்க?"

"மஞ்சள் இல்லாத மூஞ்சி சுப காரியத்துக்கு ஆகாது."

கமலவேணியின் குரல் அதுவரை தாழ்வாகத்தான் இருந்தது. இப்போது எல்லாருக்கும் கேட்டது. "ஆகாதுங்களா? இந்தக் கல்யாணத்துக்குப் பொண்ணுப் பார்த்து, பந்தல் போட்டு, அரிசி பொடைச்சது யாரு? எங்கத்தை மூஞ்சில மஞ்சள் இருக்குதுங்களா? அவங்க ஆகாதுன்னு சொல்லுங்க பார்க்கலாம், நான் ஒலக்கையை உடறேன்."

எல்லாத் தலையும் வீட்டு வாசற்கால் பக்கம் திரும்பியது. சடங்கு நடக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்று அத்தாயி அங்கே, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குடி இழுக்கறே?" என்றாள் அத்தாயி. குரலில் கோபம்தான் இருந்தது. 

உலக்கையை இரண்டு பேரும் விடவில்லை. அந்தச் சடங்கில் உலக்கை கை நழுவித் தரையில் விழுந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். யார் விட்டாலும் மற்றவள் தடுமாறுவாள். உலக்கை உரலுக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சென்னிமலை முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அத்தாயி கதவை விட்டு ஓர் அடி வெளியே வந்தாள்.

"காளியாத்தா, ஒலக்கையை அவகிட்டக் குடு."

"ஏன் அண்ணி, தெரிஞ்சுதான் சொல்றியா?"

"அவ கையைக் காட்டுனப்பவே எனக்குத் தெரியும். குடுன்னா குடு, நேரம் போகுது. என்ற ஊட்டுப் பெரிய மருமவ அவதான்."

காளியாத்தாள் பார்த்துப் பார்த்து, பதமாகக் கையை எடுத்தாள். கமலவேணி முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு, முதல் உலக்கையைப் போட்டாள். மஞ்சள் தூள் எழும்பியது. மற்றவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாய் வந்து சேர்ந்துகொண்டார்கள். காளியாத்தாளும்தான், சாமிகளா, விட்டால் ஊர் பேசுமே.

கல்யாணம் முடிந்த பிறகும் அத்தாயி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டிப் பேச்சு மட்டும் அப்புறம் வரவே இல்லை. ஒரு நாள் கிணற்றடியில் கமலவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சாந்தைத் தொட்டபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பொட்டையாச்சும் கொஞ்சம் பெரிசா வெய்யி. கண்ணுக்கே தெரியலை."

கமலவேணி ஈர விரலைச் சாந்தில் ஒரு தரம் தொட்டாள். எப்போதும் வைக்கிற அளவுக்கே வைத்தாள்.

"என்ற மூஞ்சிக்கு இது போதுமுங்கத்தை" என்றாள்.