முதலில் மேல் வயல்

பார்க்கப் பொன்னாங்கண்ணி மாதிரி சாதுவாக இருக்கும் அந்த அந்நியக் கொடி. அதுதான் போன வருஷம் தோமியோவின் நெல் வயலை முழுசாக விழுங்கியது.

மேல் வயல்காரர் இஷிகே தன் வரப்பில் முளைத்த கொடியை இயந்திரத்தால் வெட்டித் தள்ளி, இயந்திரத்தை வாய்க்காலிலேயே கழுவினார். விரல் நீளத் துண்டு போதும், வேர் விட்டுவிடும். அத்தனையும் கீழே தோமியோவின் வயலில் வந்து இறங்கியது. போதாக்குறைக்கு, வாய்க்கால் சங்கத் தலைவர் என்கிற மிடுக்கில், "புருஷன் போனப்புறம் அந்தம்மா வயலைக் கவனிக்கிறதில்ல, அங்கேருந்துதான் பரவுது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அந்தப் பேச்சை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

வசந்தத்தில் வாய்க்கால் தூர்வார ஊர் கூடியது. பக்கத்து ஊர் விவசாயிகளிடம் கற்றுவந்ததைத் தோமியோ எல்லோருக்கும் சொன்னாள். வெட்டக் கூடாது, வேரோடு பிடுங்கி, கறுப்புத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்றார் ஒருவர்.

நடவுக்கு முன் ஒரு வயலுக்குத்தான் நேரமிருந்தது. தன் வயல் என்றால் இந்த வருஷம் அரிசி உண்டு. தோமியோ இஷிகேயைப் பார்த்தாள்.

"மேலே எங்க முளைச்சுதோ அங்கேருந்து. இல்லேன்னா திரும்ப வரும். வாங்க, வாய்க்காலோட நடந்து பார்த்துடுவோம்."

இஷிகே இயந்திரம் கழுவும் படிக்கட்டு வரை கொடி இருந்தது. அதற்கு மேலே ஓர் இலைகூட இல்லை. எல்லோர் பார்வையும் இஷிகே பக்கம் திரும்பியது. தோமியோவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஊரே இறங்கி அவர் வயலைச் சுத்தம் செய்தது. சாயங்காலம் இஷிகே அவள் முன் தலை தாழ்த்தினார். "என் தப்புதாம்மா. உன் வயலுக்குத்தான் இந்த வருஷம் நேரமில்லாமப் போச்சு."

குனிந்தவரின் பூட்ஸில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதோடு அவர் தன் வயலில் இறங்கினால் மறுபடி முதலிலிருந்துதான். இறங்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்றது மனசு. ஆனால் அந்தத் தண்ணீர் அவள் வயலுக்குத்தானே வரும்!

"தலைவரே, காலைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

ஊர் பார்க்க, சேற்றில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றார் தலைவர். அவள் அவசரப்படவில்லை. துண்டை எடுத்துப் பையில் போட்டாள். பிறகு பூட்ஸின் ஒவ்வொரு பள்ளத்தையும் குச்சியால் நோண்டினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"போதுமாம்மா?"

"இன்னொரு கால்."