பதினேழாவது வரி

கல்லூரியில் கணிதத் துறை வாசலில் இருந்த பெரிய சுவர் ஐந்து நாளாக ‘நூல்கோடு’ கையில் இருந்தது. அவர் பலகையும் சுவரும் எழுதுகிற பெயின்டர். நூல் பிடித்தது போல எழுதுவாரென்று வந்த பட்டப்பெயர் அது. கூடவே கர்வமும் வந்து ஒட்டிக்கொண்டது. முப்பது வருடத் தொழிலில் “தப்பு என்மேலதான்” என்று அந்த வாயிலிருந்து வந்ததேயில்லை. இதற்கு அவர் மனைவியே சாட்சி.

எழுத வேண்டியது ஒரே ஒரு எண். ஆயிரம் இலக்கம்; வரிக்கு நாற்பது வீதம் இருபத்தைந்து வரி. பேராசிரியை வருடக்கணக்கில் கணினியோடு மல்லுக்கட்டிப் பிடித்த பகா எண். நாளைக் காலை திறப்பு விழா.

“ஒன்னாலயும் இதே எண்ணாலயும்தான் இதை மீதியில்லாம வகுக்க முடியும். வேற எதுக்கும் அசையாது,” என்றார் பேராசிரியை.

“எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த மனைவி.

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு, எண்ணுக்குக் கீழே எழுதியவர் பெயரும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நூல்கோடு தூரிகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கண்டவர் பெயரையெல்லாம் எழுதிய கை, சொந்தப் பெயரை ஒரு சுவரிலும் எழுதியதில்லை.

கடைசி இலக்கமும் முடிந்தது. பெயின்ட் காய்கிற வரைக்கும் சும்மா இருக்கப் பிடிக்காத மனைவிக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. சாக்பீஸை எடுத்துத் தரையில் வரிவரியாகக் கூட்டினார். சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் கூட்டினார்.

“மேடம், எல்லா இலக்கத்தையும் கூட்டினா நாலாயிரத்து ஐநூத்தி மூணு வருது. நாலும் அஞ்சும் மூணும் பன்னெண்டு. அப்போ மூணு இதை வகுத்துடுமே?”

பேராசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. “எழுதறப்போ எங்கயோ மாறியிருக்கு ஐயா.”

நூல்கோட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தாள்ல இருக்கிறதுதான் சுவத்துல இருக்கு. ஒன்னொன்னா பாருங்க!”

பார்த்தார்கள். மனைவி தாளைப் படிக்க, பேராசிரியை சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றுகூட மாறவில்லை. பேராசிரியை அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ என் கண்டுபிடிப்பே தப்பு போலிருக்கு. விழாவை நிறுத்தச் சொல்லிடறேன்.”

பழி நீங்கியது. பேசாமல் இருந்தால் நூல்கோட்டின் மானம் பத்திரம். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“பதினேழாவது வரியை எண்ணுங்க மேடம்.”

முப்பத்தொன்பது!

“தாள்ல அந்த வரி மட்டும் குட்டையா இருந்துச்சு. அச்சுக் கோளாறுன்னு நெனச்சேன். ஓரம் நேரா நிக்கணுமேன்னு கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளி எழுதி மறைச்சுட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான்.”

மனைவி தாளிலிருந்து தலையை நிமிர்த்திக் கணவரையே பார்த்தார்.

பேராசிரியை உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். “நான்தான் வரி வரியா வெட்டி ஒட்டறப்போ ஏழுங்கிற ஒரு இலக்கத்தை விட்டுட்டேன்! இப்போ கூட்டினா நாலாயிரத்து ஐநூத்தி பத்து. மூணால வகுத்தா ஒன்னு மீதி!”

பொழுது சாய்வதற்குள் வரியை அழித்து எழுதியாயிற்று. நூல்கோடு தூரிகைகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“பேர் எங்க ஐயா?”

“தப்பு பண்ணினவன் பேர் எதுக்கு மேடம்?”

“நானும்தான் பண்ணினேன். நீங்க வாயைத் திறக்கலேன்னா நாளைக்கு இந்தச் சுவரே வெறுஞ்சுவரா இருந்திருக்கும். எழுதுங்க.”

இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தார். முதலில் மனைவியின் பெயரை எழுதினார். பக்கத்தில் தன் பெயர்.

“எதுவும் விட்டுப்போச்சான்னு எண்ணிச் சொல்லு,” என்றார்.

மனைவி விரல் நீட்டி ஒவ்வொரு எழுத்தாக எண்ணினார். கண் கலங்கிப் பாதியில் விட்டுப்போனது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.