ஜனார்த்தனின் நெற்றி

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ராஜபாளையம் பொது நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போன இடத்தில் அகப்பட்டது. வாசிப்பு மேசைகளை ஓரங்கட்டிவிட்டு ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் இருந்தவரின் நெற்றியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருந்த அந்த மாலையில் ஓவியர் அனுக்ரஹாவின் மனத்திலும்...' சீ. மேகத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2

அனுக்ரஹாவின் அப்பா ஜனார்த்தன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கோயிலில் மரியாதை உள்ள ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. அம்மா வெள்ளைத்தாய் சோழபுரத்துச் சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பெண். கல்யாணத்தோடு ஐயங்கார் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அவர்கள் குடியிருந்த ராஜபாளையத்திலிருந்து அரைமணி நேர பஸ் தூரம்தான். ஜனார்த்தன் சாகும்வரை போகவில்லை. அப்போது மகளுக்கு ஒன்பது வயது.

இரண்டு வீட்டு முகங்களையும் ஒரே சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பதற்காகவே அவள் இந்தக் கண்காட்சியை வைத்தாள். பெரியப்பா கண்ணபிரானுக்கு நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்தாள். வருவார் என்று நம்பவில்லை. (நானும்தான். அவர் வராமலே முடித்துப் பார்த்தேன். கதை சப்பென்று போய்விட்டது.)

3

வந்தார், திறப்புவிழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே. தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"முகம் அவனேதாம்மா. ஆனா நாமத்துல பாதம் எங்கே? நாம தென்கலையாச்சே."

மூக்கின்மேல் இறங்க வேண்டிய வெள்ளைக் கோடு இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையாகத் தெரியட்டும் என்று போனில் தேடி, முதலில் வந்த நாமத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். அது வடகலை. அப்பாவை வரையத் தனக்கு என்ன யோக்கியதை என்று அவளுக்குக் கூசிப்போயிற்று.

"அப்பா நாமம் போட்டு நான் பாத்ததே இல்ல பெரியப்பா."

[பெரியவர் அழுவதாக இங்கே அரைப் பக்கம் எழுதியிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் கதவைச் சாத்தி வைத்தவருக்கு அழுகையை அவ்வளவு சுலபமாகக் கொடுக்க மனம் வரவில்லை.]

4

பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாய் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"அவிய தெனமும் போட்டாவ. நீ முழிக்கதுக்கு முந்தி போட்டு, நீ முழிக்கதுக்கு முந்தியே ஈரத்துண்டால அழிச்சிருவாவ. புள்ள பாத்து என்னன்னு கேட்டா, அந்த வீட்டுக்குல்லா கூட்டிட்டுப் போகணும்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள். சொல்லாதே என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாராம். கண்ணபிரான் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அனுக்ரஹா பாதத்தை வரைந்துவிடுகிறாள். அது பெரியப்பா வீட்டு ஜனார்த்தன். இன்னொன்றில் நாமத்தையே தோல்நிறத்தால் மூடுகிறாள். அது அவளுக்குத் தெரிந்த அப்பா. ஆனால் அந்த விடியற்காலை மனிதரை மறுபடியும் அழித்ததாகிவிடும். மூன்றாவதில் தப்பைத் தப்பாகவே விட்டுவிடுகிறாள். அதுதான் உண்மை என்று ஒருநாள் தோன்றியது, மறுநாள் வெறும் சோம்பல் என்று...

நான் பார்த்த நெற்றியில் என்ன இருந்தது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்கள் வேலை முடிந்துவிடும்.

அவள் தூரிகையை எடுத்துவிட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போட்டதுக்கும் அழிச்சதுக்கும் நடுவுல எம்புட்டு நேரம்மா இருக்கும்?"

"ஒரு காப்பி குடிக்க நேரம். கண்ணாடியப் பாத்துக்கிட்டே குடிப்பாவ."

வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அவள் கையைப் பிடித்து நடத்த எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இருந்தால் நடத்துங்கள்.