படியேறும்போது இடுப்பில் ஒரு கை

சுஷித் தட்டைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், கையில் பிடித்திருக்கவும் முடியாமல் சாயோ அறை வாசலில் நின்றாள். உள்ளே ஒரே சிரிப்பு. கீழே சவப்பெட்டிக்குள் அம்மா படுத்திருக்கிறாள். மேலே சாப்பாட்டு அறையில் ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அதிலும் உரக்கச் சிரித்தது அவள் கணவன் இசாமுதான்.

பிக்கு மந்திரம் ஓதி முடித்துக் கிளம்பியாகிவிட்டது. ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டவர்கள் மாடிக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மடக்கு பீர் குடித்து, செத்தவளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதான் வழக்கம். இன்று ஒருவரும் நகரவில்லை. குசுமி வந்திருந்தாரே, எப்படி நகர்வார்கள்?

ஒசாகாவில் நாற்பது வயதுக்காரர்களைக் கேட்டால் குசுமியைச் சாமி என்பார்கள். அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது வந்த 'மலைக்கோயில் தானுக்கி' என்ற வீடியோ கேமை உருவாக்கியவர் என்று டிவியில் வருகிறவர். சாராயக்கடை வாசலில் மண்பொம்மையாக நிற்குமே பானை வயிற்றுத் தானுக்கி, நரி மாதிரியான அந்த மிருகம்தான் அதில் நாயகன். படியேறிப் படியேறி மலை உச்சிக் கோயிலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கே ஒரு தலைமுறை கட்டைவிரல் தேய்ந்துபோனது.

சாயோவின் அம்மா கிகுயே ஒரு காலத்தில் குசுமியின் கம்பெனியில் வேலை பார்த்தவள். பழைய ஊழியருக்கு மரியாதை செய்ய வந்தாராம். ஊதுபத்தி வைக்க அரை நிமிடம். மாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்.

"சார், எட்டு வயசுலேர்ந்து ஒரு கேள்வி உள்ள கிடக்குது," என்றான் இசாமு. முகம் சிவந்திருந்தது, பீரால் பாதி, பக்தியால் பாதி. "படியேறும்போது தானுக்கி நாலு படிக்கு ஒருதரம் நின்னு, இடுப்புக்குப் பின்னால ஒரு கையை வச்சுக்கிட்டு மூச்சு விடுவான் பாருங்க. பட்டனை எப்படிக் குத்தினாலும் நகர மாட்டான். மத்த கேம்ல எல்லாம் ஹீரோ பறப்பான். இவன் மட்டும் ஏன் சார் அப்படி?"

குசுமி கண்ணை மூடிக்கொண்டார். ஆயிரம் தடவை சொன்னதை முதல் தடவையாகச் சொல்கிற வித்தை அவருக்குக் கைவந்தது.

"எல்லாரும் கேக்கறதுதான் தம்பி. அது வேற யாருமில்ல, நாந்தான்! ராத்திரி முழுக்கக் குடிச்சிட்டு ஸ்டேஷன் படியேறுவேன். நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும், இடுப்பு புடிச்சுக்கும். அப்ப தோணிச்சு, அட, இதையே வச்சா என்னன்னு."

மறுபடியும் சிரிப்பு. கூசாமல் சொல்கிறான் கிழவன். அதுவும் இந்த வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்து, இந்த வீட்டுச் சுஷியைத் தின்றுகொண்டு.

பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது அவளும் இதே கேள்வியை அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அதுவா? உள்ள நீ இருந்தே. ஆபீஸ் நாலாவது மாடி. லிஃப்ட் விருந்தாளிங்களுக்கு மட்டும்." அந்தக் காலத்தில் வயிறு தெரிந்தால் வேலையை விட்டுவிட வேண்டும். அம்மா தொளதொளப்பான சட்டை போட்டு மறைத்துக்கொண்டு, கேமை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிவிடுவான் என்று யார் பெயரையும் கம்பெனி வெளியே விடாது. கேமின் கடைசியில் 'உருவாக்கியவர்: முகி' என்று ஒரு புனைபெயர் மட்டும் ஓடும். பத்து வருடம் கழித்துப் பத்திரிகைக்காரர்கள் முகியைத் தேடி வந்தபோது அம்மா விட்டுப்போன நாற்காலியில் இருந்தவர் குசுமி. நான்தான் என்றார்.

"நீ ஏம்மா சும்மா இருக்கே?" என்று சாயோ அன்று குதித்தாள். "சொன்னா யாரு நம்புவா? வாயை மூடிக்கிட்டு இரு," என்றாள் அம்மா. கல்யாணமாகி இசாமு வந்து, சாப்பாட்டு மேஜையில் குசுமி புராணம் பாடும்போதெல்லாம் சாயோ வாயைத் திறப்பாள். மேஜைக்கு அடியில் அம்மா அவள் காலை மிதிப்பாள். மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். போன வாரம் ஆஸ்பத்திரியில், அத்தைக்குப் பொழுது போகட்டுமென்று ரசிகர்கள் கேள்விக்குக் குசுமி சொன்ன பதில்களை இசாமு போனில் பார்த்துப் படித்துக் காட்டினான். அம்மா கண்ணை மூடியபடி கேட்டுவிட்டு, "நல்லாச் சொல்றாரு," என்றாள். நேற்று விடியற்காலை செத்துப்போனாள். இனிமேல் காலை மிதிக்க யாருமில்லை.

சாயோ தட்டை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"இறங்கும்போது?" என்று கேட்டாள்.

"என்னம்மா?" என்றார் குசுமி.

"ஏறும்போது நீங்க குடிச்சிருந்தீங்க, சரி. இறங்கும்போது தானுக்கி பக்கவாட்டுல திரும்பி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு காலா வச்சு இறங்கறானே. அது ஏன்?"

"அது... அந்தக் காலத்து மெஷின்ல இடம் பத்தாதும்மா. படம் வரைய இடமில்ல."

"காலு தெரியல. அதான். வயித்துக்குக் கீழ தன் காலே அவனுக்குத் தெரியல. எங்கம்மாவுக்குத் தெரியாத மாதிரி. ஏழு மாசம் என்னைச் சுமந்துக்கிட்டு உங்க ஆபீஸ் படியை ஏறி இறங்கினவ எங்கம்மா. முகி எங்கம்மா."

யாரோ சோயா கிண்ணத்தைத் தட்டிவிட்டார்கள். இசாமு எழுந்து அவள் கையைப் பிடித்தான். "என்ன பேசற? பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

"துக்கத்துல பேசுது. விடுங்க தம்பி," என்றார் குசுமி, பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மையைக் கண்டதும் சாயோவுக்கு அவர் தலையில் பீரைக் கொட்டலாம் போலிருந்தது.

"நீ கையை விடு," என்றாள் கணவனிடம். "ஒருத்திக்கு ஊதுபத்தி வச்ச வாசனை கையிலேர்ந்து போறதுக்குள்ள அவ சொத்தையே அவ வீட்டுல உக்காந்து தன்னோடதுன்னு அள்ளி விடறாரு. நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

அறை மூலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் அக்கா தமாயே பெரியம்மா. பக்கத்தில் மடியில் கைக்குழந்தையோடு அவள் மருமகள் மினோரி. இருவரும் வாழ்நாளில் வீடியோ கேம் தொட்டதில்லை.

"அது என்ன தானுக்கி? காட்டுங்க, பாப்போம்," என்றாள் மினோரி.

இசாமுவின் போனில் அது எப்போதும் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தான். சின்னத் திரையில் தானுக்கி நாலு படி ஏறியது. நின்றது. கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைத்து, முதுகை நிமிர்த்தி, மூச்சு விட்டது.

"ஐயோ!" என்றாள் மினோரி. "அத்தை, இங்க பாருங்களேன். இது நானில்ல? பிப்ரவரி மாசம் எங்க ஃபிளாட்டுப் படியில நான் இப்படியேதான் நின்னேன்."

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தானுக்கி பக்கவாட்டில் திரும்பி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதை ஆம்பளையா செஞ்சான்?" என்றாள். "போடா."

யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனால் குசுமி எழுந்தார்.

கீழே வாசலில் அவர் ஷூ மாட்டிக்கொள்ளும்வரை சாயோ காத்திருந்தாள். அவர் நிமிராமலே பேசினார். "முகிங்கறது கம்பெனி வச்ச பேரும்மா. அந்த நாற்காலில யாரு உக்காந்தாலும் முகிதான். உங்கம்மாவுக்கு அது தெரியும். வசந்தத்துல எங்க ஊர்ல தானுக்கிக்குச் சிலை திறக்கறாங்க. இந்த நேரத்துல இன்டர்நெட்ல ஏதாவது எழுதி வச்சுடாதே."

மேலே போய் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சத்தான் அவள் இறங்கி வந்திருந்தாள். தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. தீட்டுக் கழியத் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற உப்புப் பொட்டலம் ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி மறக்காம மேல தூவிக்குங்க. நல்லா நிறையவே தூவிக்குங்க. எங்கம்மா பின்னாலயே வந்துடப் போறாங்க."

குசுமி பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்சி வந்தது, ஏறிப் போனார்.

பெட்டி இருந்த அறையில் இசாமு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி மூடியில் முகத்துக்கு நேராக இருக்கும் சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தான். சாயோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேம்ல மூணாவது கட்டத்துல ஒரு கிணறு வருமே," என்றான் மெதுவாக. "அதுல ஏன் தண்ணியே இருக்காது?"

"எனக்கென்ன தெரியும்? ஒன்பது வருஷம் உனக்குச் சோறு போட்டாங்களே, அவங்ககிட்ட கேட்டிருக்கலாம்."

"எனக்குத் தெரியாதே. நீ சொல்லலையே."

"சொல்ல விடலை," என்றாள் சாயோ. குசுமிமேல் இருந்ததைவிடப் பெட்டிக்குள் இருந்தவள்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். நல்லாச் சொல்றாராம். நாளைக்குக் காலையில் எரித்துவிடுவார்கள். அதற்குள் எழுந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான்தான் என்று சொன்னால் என்ன?

அம்மா முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. உதட்டில் யாரோ லேசாகச் சாயம் பூசியிருந்தார்கள். இசாமு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேட்பதற்கு அவனிடம் இன்னும் எத்தனையோ இருந்திருக்கும்.

மாடியில் போன் இன்னும் பெண்கள் கையில்தான் இருந்தது. தானுக்கியின் பாட்டு கீச்சுக் குரலில் கேட்டது. விழுந்தால் வருகிற ஓசை கேட்டது. மறுபடியும் முதலிலிருந்து பாட்டு. அதற்கு மேலே பெரியம்மாவின் அதட்டல்:

"பாத்து ஏத்துடி, பாத்து! பிள்ளைத்தாச்சிப் பொண்ணு. அவ நின்னா நிக்கட்டும், அவசரப்படுத்தாதே!"

இசாமு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் சின்னக் கதவை மூடப் போனான். சாயோ கையை நீட்டித் தடுத்தாள்.