கேனில் மிச்சமிருந்த குளிர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதே இல்லை. லேப்டாப் சூடாகித் தொலைக்கிறதே என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் இளவேனில், விசிறியைத் துடைத்துக்கொண்டே சொன்னது. பாதியில் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு மண்டைக்குடைச்சல்.

2

திருச்சியில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்

(வேண்டாம். திருச்சி என்றாலே வெயிலில்தான் தொடங்கவேண்டுமா என்ன?)

காட்டூர் வீட்டு மாடியறை. ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, இளவேனில் பிராசஸர் தலையில் செம்புக் குவளையைப் பொருத்தினாள். அதற்குள் திரவ நைட்ரஜனை ஊற்ற ஊற்ற வெண்புகை வழிந்தது. பிராசஸரை அதன் வரம்பை மீறிய வேகத்தில் ஓடவைக்கும் ஆன்லைன் ஓவர்கிளாக் போட்டிக்கு அன்று மாலைதான் கெடு. ஏழு கிகாஹெர்ட்ஸைத் தொட்டால் இறுதிச்சுற்று.

குளிர்ந்தால் வேகம் வந்துவிடும் என்று எழுதிவைத்திருந்தேன்.* படித்துக் காட்டியதும் இளவேனில் சிரித்துவிட்டாள்.

* அடித்துவிட்டேன். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும், பிராசஸர் கொதிக்கும். குளிர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அளவு மீறிக் குளிர்ந்தால் சில பிராசஸர்கள் அப்படியே நின்றும்விடுமாம். இதென்ன கூத்து?

3

நைட்ரஜன் அவள் அக்கா வீட்டுக்காரர் செல்லக்கண்ணுவுடையது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். உறைந்த விந்துக்குச்சிகள் அந்தக் கேனுக்குள் நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கும். அது வற்றிக் குளிர் விட்டால் விந்து செத்துவிடும். கொஞ்சம் எடுத்துக்கொள் என்று அவரேதான் கேனை வைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வேகம் ஆறு புள்ளி ஒன்பதில் முக்கிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சந்தானே என்று மிச்சம் முழுவதையும் பிளாஸ்க்கில் சரித்துக்கொண்டு ஊற்றப்போனாள். முதல் ஊற்றிலேயே குளிர் மீறித் திரை இருண்டது. அந்த நேரம் பார்த்துச் செல்லக்கண்ணுவிடமிருந்து போன்.

"இருசம்மாக்கா மாடு பருவத்துக்கு வந்து காலையிலேருந்து கத்துதாம். ரெண்டு தடவ சினை நிக்கல. இந்தவாட்டியும் நிக்கலேன்னா வித்துடுவேங்குது. கேனை எடுக்க வரேன். நைட்ரஜன் இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

பிளாஸ்க்கில் இருந்ததை அவசர அவசரமாகக் கேனில் திருப்பி ஊற்றினாள். குச்சிகள் அதுவரை வெறுங்கேனில் கிடந்தன. செல்லக்கண்ணு வந்து, அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்று எடுத்துப் போனார்.

4

முடிவு அ: குச்சிகள் பிழைத்தன, மாடு சினையானது. (யாரை ஏமாற்ற?)

முடிவு ஆ: இளவேனில் ஓடிப்போய் மாமாவிடம் உண்மையைச்

(சொல்லவில்லை. நானே கேட்டேன்.)

"செத்த குச்சியும் உசுருள்ள குச்சியும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும் சார். கேன் அடியில குளிர் இருந்துருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்கே தெரியல" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

5

ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினால், மலட்டு மாடு என்று இருசம்மாள் அதை விற்றுவிடுவார். மாட்டின்மேல் குற்றமில்லாமலும் இருக்கலாம் என்று அதற்குள் யாராவது அவரிடம் சொல்லவேண்டும். இளவேனிலைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன். ஆனால் இருசம்மாள் கதை படிக்கிறவர் இல்லை. நீங்கள் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் போவீர்களா?