நூற்றிருபது படங்களும் ஒரு கையெழுத்தும்

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் கணவன் மனைவி இருவருக்கும் பிழைப்பு ஒரே கடல்தான். ஆனால் ஆளுக்கொரு பக்கம். அந்தம்மா ஆழ்கடல் தரையில் வாழும் பூச்சி புழுக்களை ஆராய்பவர். கணவர் அதே தரையில் கிடக்கும் கறுப்புக் கட்டிகளை உறிஞ்சி மேலே ஏற்றும் இயந்திரத்தை வடிவமைப்பவர். உருளைக்கிழங்கு அளவுள்ள அந்தக் கட்டிகளில் பேட்டரிக்கு வேண்டிய உலோகம் இருக்கிறதாம். குடியிருப்பில் அவருக்கு 'உறிஞ்சி' என்று பெயர். வைத்தது நான் இல்லை. பரப்பியது வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

இவர்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடித்தது. நல்லவேளை, உறிஞ்சியின் அக்கா அவர்களோடு இருக்கிறார்; தையல் வேலை. என் சட்டைகள் அடிக்கடி பிரித்துத் தைக்கப்பட்டதற்கு என் உடம்பு காரணமல்ல.

சாப்பாட்டு மேஜையில் கடல் பேசக் கூடாது என்று அந்த வீட்டில் சட்டமாம். இரண்டாவது கவளத்தில் உடைந்துவிடுமாம். நிலத்தில் சுரங்கம் தோண்டினால் காடும் ஊரும் போகிறதே, கடலடியில் யார் இருக்கிறார்கள் என்பார் அவர்.

"யார் இருக்காங்கன்னு எண்ணுறதுதாங்க என் வேலை," என்பாராம் அந்தம்மா.

அப்போதுதான் கடலடியைத் தோண்ட அனுமதி தருவதா என்று பொது விசாரணை வந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு சோதனை இயந்திரம் ஓடிய தடத்தையும், பக்கத்திலேயே யாரும் தொடாத தரையையும் படமெடுத்து, எதில் எத்தனை உயிர் என்று எண்ணி வைத்திருந்தார் அந்தம்மா. மொத்தம் நூற்றிருபது படங்கள். ஆனால் ஒருவர் எண்ணினால் செல்லாது. இன்னொருவர் தனியாக எண்ண வேண்டும். எந்தப் படம் எந்த இடம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அதற்காகத் தடத்தின் விளிம்பு தெரியாதபடி படங்களை வெட்டி, கலைத்துப் போட்டிருந்தார்கள். எண்ண வேண்டிய சக ஊழியருக்குக் கண்நோய். மற்றவர்கள் கப்பலில். அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் விசாரணையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடலடிப் படங்களைப் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பழகிய ஆள் வீட்டிலேயே இருந்தார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, போயும் போயும் இவன்கிட்டயா குடுப்ப? நாலைக் கண்டும் காணாம விட்டுட்டா?"

"விடமாட்டாரு அண்ணி. ஒரு திருகாணி குறைஞ்சாலே வீட்டைத் தலைகீழாக்குற ஆளு."

மூன்று நாள் உறிஞ்சி திரையை விட்டு எழவில்லை. அளவு நாடா கேட்கிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நான் வந்ததே தெரியவில்லை மனிதருக்கு. எண்ணி முடித்து இருவர் கணக்கையும் ஒப்பிட்டபோது, நாற்பத்து நான்காம் படத்தில் அந்தம்மா பதினான்கு என்றிருந்தார், இவர் பதினொன்று. மூன்று கடற்பஞ்சுகள் செத்தவை, காம்பு முறிந்திருக்கிறது என்று காட்டினார். அந்தம்மா பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதுதான் சரி என்றாராம். இவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைத் தன் காதால் கேட்டதில்லை என்றார் அக்கா. வேறொரு படத்தில் மணலோடு மணலாகக் கிடந்த வெள்ளை நட்சத்திர மீன் ஒன்றை இவர் கண்டுபிடித்தார், அந்தம்மா தவறவிட்டது.

எல்லாம் முடிந்ததும் எந்தப் படம் எந்த இடம் என்ற பட்டியலைப் பிரித்தார்கள். தொடாத தரையில் படத்துக்குப் பத்து, பதினொன்று. தடத்தில் ஒன்று, இரண்டு; பல படங்களில் ஒன்றுமே இல்லை.

உறிஞ்சி பட்டியலை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். அனுமதி கேட்டு அவர் கம்பெனி கொடுத்த விண்ணப்பத்தின் ஐந்தாம் பக்கத்தில், சில ஆண்டுகளில் உயிர்கள் திரும்பிவிடும் என்று ஒரு வரி உண்டு. எழுதியது அவரே. இப்போது எண்ணியவர் என்று பெயரும் தொழிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"வேணாம்னா சொல்லிடுங்க," என்றார் அந்தம்மா. "அறிக்கை இந்தத் தடவை போகாது, அவ்வளவுதான். எனக்குக் கோபமில்ல."

"நீ கோபமில்லன்னு சொல்றப்பதான் பயமா இருக்கு." பேனாவை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "எண்ணினது நானு. எண்ணலன்னு எப்படிச் சொல்றது?"

கம்பெனி பெயர், பதவி, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மேலாளருக்குப் போன் செய்து, ஐந்தாம் பக்கத்து வரியை எடுக்கச் சொன்னார். அதற்குமேல் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்குக் கேட்டது அவர் நடக்கும் சத்தம் மட்டும். முக்கால் மணி நேரம் நடந்தார்.

விசாரணைக்குப் பொதுமக்கள் வரலாம் என்றிருந்தார்கள். நானும் பொதுமக்கள்தானே, போனேன். ஐந்தாம் பக்கத்தில் அந்த வரி இல்லை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அறிக்கையைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்தார். "ரெண்டாவதா எண்ணினவரு உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?"

"வீட்டுக்காரர் சார்."

"அப்ப உங்க பக்கத்து ஆளு."

"இல்லைங்க. எதிர்ப்பக்கம், மூணாவது நாற்காலி."

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகாரி அந்த நாற்காலியைப் பார்த்து, இந்த எண்ணிக்கையை ஒத்துக்கொள்கிறீர்களா என்றார். உறிஞ்சி எழுந்து நின்றார்.

"எண்ணிக்கைல சண்டை இல்லைங்க சார். மத்த எல்லாத்துலயும் இருக்கு."

அந்தம்மா காகிதத்தைப் படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து, சிரிப்பது நன்றாகவே தெரிந்தது.